கைமாறிய கைச்சாத்து

தீவகத்திலே ஒரு பெண் எப்போது பராயமடைகிறாள்? பூப்பெய்திய நாளிலேயே ஊர் அவளைப் ‘பெரியபிள்ளை’ என்றுவிடுகிறது. சட்டத்தின் கணக்கு வேறு. 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் 21 வயதைப் பராய வயதாக வகுத்தது; 1989இலேதான் அது 18 ஆயிற்று. வாக்குரிமையோ 1959இலேயே 18 வயதினருக்குக் கிடைத்துவிட்டது. ஆகவே முப்பதாண்டுக் காலம், அரசாங்கத்தைத் தெரிவுசெய்யத் தகுதிபெற்ற இளைஞன், தன் பெயரிலுள்ள பனங்காணியைத் தானே விற்க இயலாதவனாய், தந்தையின் சம்மதமின்றி மணம் பதிய இயலாதவனாய் இருந்தான்.

பதினெட்டில் பிள்ளைக்கு என்ன தெரியும் என்பார் நம்மிடையே இன்றும் உளர். பதினான்கு வயதுப் பையனைக் கொழும்புக் கடைக்கு மூட்டை தூக்க அனுப்பியபோது இக்கேள்வியை இவர்கள் கேட்டார்களில்லை. தேசவழமையும் கேட்கவில்லை. 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி தொகுத்த அக்கோவை (நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் பெயரிட்டவர்களும் ஒல்லாந்தரே), மணமாகாத மகனின் உழைப்பு, அவன் உடலில் அணிந்த நகை நீங்கலாக, பெற்றோரின் பொதுத் தேட்டத்தையே சேரும் என்றது. அங்கே வயதுக் கணக்கே கிடையாது. கடைப்பையனின் சம்பளம் தமக்கையின் சீதனமாயிற்று.

அச்சீதனத்தையேனும் அவள் ஆண்டாளா? மணமாகாத பெண் பராயமடைந்ததும் தன் காணியை விற்கலாம். மணமுடித்தாலோ, 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டத்தின்படி, தன் சீதனக் காணியையும் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. மரணசாதனம் எழுத மட்டும் அச்சம்மதம் வேண்டியதில்லையாம்! 1989ஆம் ஆண்டுத் திருத்தமும், பொதுச் சட்டத்தில் இருபாலாரின் திருமண வயதையும் 18 ஆக்கிய 1995ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்த விதியைத் தொடவில்லை. தந்தையின் கைச்சாத்துப் போய்க் கணவனின் கைச்சாத்து வந்தது, அவ்வளவே.

கணவன் சம்மதிக்க மறுத்தாலோ கைவிட்டாலோ இருப்பிடம் அறியப்படாதவனானாலோ மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என்று சட்டம் ஒரு வாயிலைத் திறந்தே வைத்தது. அவ்வாயிலுக்குச் செல்லும் வழியைச் சட்டம் இயற்றியோர் அறிந்திலர். 1990இல் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் ஆடவர் பலர் காணாமற் போயினர். அத்தகையோரின் மனைவியருக்கு இறப்புச் சான்றிதழுமில்லை, கைச்சாத்திடக் கணவனுமில்லை. நெடுந்தீவுப் பெண்ணாயின் குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பேருந்தேறி, யாழ்ப்பாணம் சென்று, தன் தாய் தந்த காணிக்குத் தானே உரியவள் என வழக்குரைக்க வேண்டும். பிள்ளையின் படிப்புச் செலவுக்குக் காணியை ஈடுவைக்க எண்ணியவள், வழக்குச் செலவுக்கு எதை ஈடுவைப்பாள்?

உயர்தர வகுப்பிலே இதனை நாம் விளக்கிய அன்று, பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி, “அப்ப கலியாணத்துக்கு முதலே காணியை வித்துப்போடவேணுமோ, சேர்?” என்றாள். வகுப்புச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வீட்டிலே அவளுக்குச் சீதன உறுதி எழுத நொத்தாரிசுக்கு நாள் குறித்தாயிற்று என்பதைப் பின்னரே அறிந்தோம்.