ஒரு கட்டத்தில் மூன்று எண்கள்

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையில் 30 விசையாழிகள், மொத்தம் 103.5 மெகாவாட். கச்சானும் சோளகமும் எந்த மாதம் எவ்வளவு வீசும் என்று கணக்குப் போடாமல் அப்படியொரு காற்றாலையை யாரும் நாட்டமாட்டார்கள். அத்தகைய கணக்குகளுக்கு உலகெங்கும் பயன்படும் டபிள்யூஆர்எஃப் போன்ற வானிலை மாதிரிகள் இன்றும் பெரும்பாலும் ஃபோர்ட்ரானில்தான் இருக்கின்றன. அவை தம் அமைப்புகளை நேம்லிஸ்ட் என்ற உள்ளீட்டுக் கோப்பிலிருந்து வாசிக்கின்றன.

அந்தக் கோப்பில் 'காற்று(1,1) = 9.0, 8.5, 8.0' என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஃபோர்ட்ரான் தரநிலைப்படி (1,1) என்பது காற்று என்ற அணியின் ஒரேயொரு உறுப்பு. ஒரு எண்தான் கொள்ளும். ஜிஃபோர்ட்ரான் தொகுப்பானோ மறுப்புச் சொல்லாமல், மிஞ்சிய இரண்டையும் அடுத்த உறுப்புகளில் போட்டுவிடும். வசதிதான். எண்ணிப் பார்த்து '1:3' என்பது போல வீச்சு எழுத வேண்டியதில்லை, பழைய கோப்புகளும் கை வைக்காமலே ஓடும். தரநிலையில் இல்லை என்பதற்காகவே இதைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. நேம்லிஸ்ட்டே ஒரு காலத்தில் ஐபிஎம் தந்த கூடுதல் வசதி. ஃபோர்ட்ரான் 90 வந்தபோதுதான் அது தரநிலைக்குள் நுழைந்தது.

என் முறைப்பாடு வேறு. அந்த அணி இரண்டு பரிமாணம் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். நிரைகளில் தலைமன்னார், பேசாலை, மன்னார் நகர். நிரல்களில் ஜூன், ஜூலை, ஓகஸ்ட். எழுதியவர் மனதில் அந்த மூன்று எண்களும் தலைமன்னாரின் மூன்று மாதங்கள். ஃபோர்ட்ரான் அணியை நிரல் நிரலாக அடுக்கும் மொழி. ஆகவே 8.5 பேசாலையின் ஜூனுக்குப் போகும், 8.0 மன்னார் நகரின் ஜூனுக்கு. பிழைச் செய்தி வராது. மூன்றுமே அந்தக் கரையில் வீசக்கூடிய வேகங்கள் என்பதால் வரைபடத்தைப் பார்ப்பவருக்கும் சந்தேகம் தட்டாது.

இன்னொன்று, பிழை ஃபோர்ட்ரான் மூலக் குறியீட்டில் இல்லை, தரவுக் கோப்பில் இருக்கிறது. தொகுக்கும்போது எத்தனை எச்சரிக்கைகளை இயக்கினாலும் தொகுப்பான் அந்தக் கோப்பைத் திறந்தே பார்ப்பதில்லை. ஃபோர்ட்ரான் 95 போன்றதொரு தரநிலையைக் கண்டிப்பாகக் கேட்டுத் தொகுத்தால்தான், ஓடும்போது அந்த வரியில் பிழை காட்டும். அதைத் தொல்லை என்பார்கள். எனக்கு அது உபகாரம்.

ஒற்றைப் பரிமாண அணியில் இந்த வழக்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு பரிமாணம் வந்துவிட்டால் கூடாது. வீச்சை எழுதுபவர் எந்தச் சுட்டெண் நகர்கிறது என்று முடிவுசெய்தே ஆகவேண்டும். 'காற்று(1,1:3)' என்று எழுதக் கூடுதலாகத் தட்ட வேண்டியவை இரண்டே விசைகள்.