மதிலுக்குள் எழுதிய ஏடு

முற்றுகை என்றதும் நம் கண்முன் வருவன எவை? பீரங்கி, கொத்தளம், தளபதியின் வாள், சரணடைந்த சாசனம். அந்நாட்களில் அரிசி என்ன விலை விற்றது, அடுப்புக்கு விறகு எங்கிருந்து வந்தது, இரவில் குழந்தையை எங்கே கிடத்தினர் என்று வரலாற்றாசிரியர் கேட்பதில்லை. கேட்டாலும் விடை சொல்ல ஏடு இருப்பதில்லை. புதுச்சேரிக்கு அந்த ஏடு வாய்த்தது. 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 சனவரி வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவந்த நாட்குறிப்பு அது.

பிள்ளை புலவர் அல்லர், வணிகர். துய்ப்ளே ஆட்சியில் தலைமைத் துபாஷாக உயர்ந்தவர். அவர் நடையில் வடசொல் உண்டு, பாரசீகம் உண்டு, பிரெஞ்சும் போர்த்துகீசும் கலந்து கிடக்கும். தூய தமிழ் விழைவோர் முகம் சுளிக்கலாம். சில பக்கங்களில் எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று. ஆயினும், உரைநடை என்றாலே செய்யுளுக்கு எழுதும் உரை என்றிருந்த காலத்தில், கடைத்தெருவிலும் கிடங்கிலும் புழங்கிய தமிழை ஏட்டிலேற்றியவர் அவர். 1846இல் கண்டெடுக்கப்பட்ட அவ்வேட்டைச் சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழர் எழுதிய தமிழ் ஏடு தமிழில் அச்சேறத் தொடங்கியதோ 1948இல்! நம் வீட்டுப் பொருளை அயலான் விளக்கேற்றிக் காட்டிய பிறகே நாம் கண்டோம்.

1748 ஆகஸ்டில் ஆங்கிலக் கடற்படைத் தலைவன் பாஸ்கவன் ஊரை வளைத்தான். அக்டோபரில், நோயிலும் மழையிலும் படை நலிந்து திரும்பினான். அந்த வாரங்களைப் படித்துப் பாருங்கள். குண்டு எங்கே விழுந்தது, யார் மூட்டை கட்டினர், துய்ப்ளே என்ன கேட்டார், தாம் என்ன விடை சொன்னோம் என்று, கணக்கு எழுதும் அதே கையால் எழுதிச் செல்கிறார். வீர வசனம் இல்லை, ஒப்பாரியும் மிகுதியில்லை. செப்டம்பரில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோதுதான் அந்தக் கை நடுங்குகிறது. சோதிடம் பார்த்தவர், கோள்களை நம்பியவர், தம் புகழைத் தாமே பாடிக்கொள்ளவும் கூசாதவர். பகுத்தறிவாளர் நகைக்கலாம். நகைத்துவிட்டு ஏட்டை மூடிவிட வேண்டாம். தம் மூடநம்பிக்கையையும் தற்பெருமையையும் மறைக்காமல் எழுதியதாலன்றோ மற்றவற்றையும் நம்ப முடிகிறது!

குறை வேறிடத்தில் இருக்கிறது. பிள்ளையின் சன்னல் மாளிகைச் சன்னல். யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை என்பதை எண்ணிக் குறிக்கிறார். பல்லக்கைத் தூக்கியவன் வீட்டில் அன்று அடுப்பெரிந்ததா என்பதை அந்த ஏட்டில் தேடித் தேடிக் களைக்க வேண்டும். பிரபஞ்சன் இக்குறிப்புகளைக் கொண்டே ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என இரு நாவல்கள் புனைந்தார். பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதமி பரிசு கிட்டியது. ஏடு விட்ட இடத்தைக் கற்பனை நிரப்ப வேண்டியிருந்தது என்பதே அந்த ஏட்டைப் பற்றிய விமர்சனம் அல்லவா?

அடுத்த முற்றுகை 1760இல். வெளியே ஆங்கிலத் தளபதி கூட், உள்ளே பிரெஞ்சுத் தளபதி லாலி. உணவு குறைந்தது. பெரிய மனிதர் வீட்டு வேலையாட்கள் சிலரை மட்டும் நிறுத்திக்கொண்டு, எஞ்சியிருந்த உள்ளூர் மக்களை, ஆண், பெண், கிழவர், குழந்தை என்று பாராமல், கோட்டைக்கு வெளியே தள்ளினான் லாலி. 1400 பேர்! ஆங்கிலேயனும் வழிவிடவில்லை. இரு படைகளுக்கும் இடையில் எட்டு நாட்கள் புல்லின் வேரைப் பிடுங்கித் தின்று கிடந்தனர். அதன்பிறகே வழி திறந்தது. இதை விரித்து எழுதியவன் ராபர்ட் ஓர்ம் என்னும் ஆங்கிலேயன். வேரைத் தின்றவர்களில் ஒருவர்கூட எழுதவில்லை. எழுத்தறிவை இன்னார்க்கு உண்டு, இன்னார்க்கு இல்லை என்று பங்கிட்டு வைத்த சமுதாயத்தில் எப்படி எழுதுவார்கள்? பிள்ளை 1761 சனவரியில் கண்மூடினார். சில நாட்களில் நகரம் வீழ்ந்தது. பிறகு அதை ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கினர்.

இந்தப் பக்கங்களோடு நான் சேர்த்துப் படித்த மற்றொரு நாட்குறிப்பு, 2007 முதல் முற்றுகையிடப்பட்ட காசாவிலிருந்து வந்தது. 2014 போரின் நாட்களை ஆத்திப் அபூ சைஃப் எழுதினார். அவர் ஜபாலியா அகதி முகாமில் பிறந்தவர். மின்சாரம் வரும் சில மணி நேரம், தலைக்கு மேல் ஓயாத ஆளில்லா விமானத்தின் இரைச்சல், குழந்தைகளுக்குச் சோறு, அண்டை வீட்டார் சாவு. பிள்ளையின் ஏட்டில் இருக்கும் அதே அன்றாடம்தான். ஆனால் எழுதுகோல் மாளிகையில் இல்லை, முகாமில் இருக்கிறது. நம் ஊரில் புல்வேரைத் தின்றவர்களின் இடத்திலிருந்து ஒருவன் எழுதினால் எப்படியிருக்கும் என்பதை, தொலைவிலுள்ள ஒரு முகாமிலிருந்தே நான் அறிந்தேன்.

பிள்ளையின் மாளிகை ரங்கப்பிள்ளை வீதியில், பெரிய மார்க்கெட்டுக்கு அருகே இன்றும் நிற்கிறது. நாட்குறிப்பை இனிப் பதிப்பிப்போருக்கு ஒரு வேண்டுகோள்: 1760ஆம் ஆண்டுப் பகுதியோடு ஓர்மின் அந்தப் பக்கங்களையும் தமிழாக்கிச் சேர்த்து அச்சிடுங்கள். அடிக்குறிப்பாக அல்ல, அதே எழுத்தளவில்.