மூலத்தைப் பிரியாத உரை: தாந்தேயின் சொனெட்டோக்கள்

சொனெட்டோ என்னும் இத்தாலியப் பாவகை 13ஆம் நூற்றாண்டில், சிசிலியில் இரண்டாம் ஃபிரெடெரிக் மன்னனின் அவையில் தோன்றியது. அடிகள் 14, அடிதோறும் அசைகள் 11. முதல் எட்டடியும் பின் ஆறடியும் இயைபுத்தொடையால் வேறுபட்டு நிற்கும். கருத்தும் பெரும்பாலும் அவ்விடத்தே திரும்பும். இவ்வளவும் யாப்பு நூல்களில் எளிதிற் கிடைப்பது. இப்பாவகைக்கு உரை பிறந்த வரலாறே ஆராயத்தக்கது.

தாந்தே தாம் இளமையிற் பாடிய 31 பாடல்களை உரைநடையாற் கோத்து 'வீத்தா நுவோவா' என்னும் நூலாக்கினார். அவற்றுட் பெரும்பாலன சொனெட்டோக்களே. பாட்டுக்கு முன்னே அது பிறந்த சந்தர்ப்பம். அஃது அவதாரிகை எனத் தகும். பின்னே, இன்ன சொல் தொடங்கி இன்ன பகுதி என்று பிரித்துக் காட்டும் உரை. மூலகாரரே வியாக்கியாதாவும் ஆனார்.

இப்பிரிப்பு வெறும் யாப்பைப் பின்பற்றுவதன்று. நூலின் முதற் சொனெட்டோவில் இரண்டாம் பகுதி ஐந்தாம் அடியிலேயே தொடங்குகிறது. இறுதிச் சொனெட்டோவின் 14 அடிகள் ஐந்து பகுதிகளாகின்றன. எட்டு, ஆறு என்னும் கட்டு செவிக்குரியது. பொருளின் கட்டு வேறு என்பதே ஆசிரியர் கருத்துப் போலும். ஓரிடத்தில், பொருளைத் திறப்பதற்கே பிரிப்பு, இதற்கு அது வேண்டா என்று விடுத்து, அங்கு எஞ்சும் ஐயமும் தம்மையொத்த காதலடியார்க்கன்றிப் பிறர்க்குத் தீராது என்கிறார். உரையின் எல்லையை உரைகாரரே கூறிய அரிய இடம் அது.

1290இல் பெயாத்ரீச்சே மறைந்தாள். அம்மரணத்தைச் சொன்னபின் பிரிவுரை பாட்டுக்கு முன்னே ஏறிவிடுகிறது. பாட்டு முடிந்தபின் தன்னைத் தொடர ஒரு சொல்லுமின்றிக் கைம்பெண்போல் நிற்கவேண்டும் என்று அதற்குக் காரணமும் தருகிறார். உரை நிற்கும் இடமே ஈண்டுத் துயரைச் சொல்கிறது.

அடுத்த நூற்றாண்டில் பொக்காச்சியோ இந்நூலைத் தம் கையால் படியெடுத்தபோது, பிரிவுரைகளை மூலத்தினின்று நீக்கி ஓரத்தில் எழுதினார். அவை உரையேயன்றி மூலமல்ல என்பது அவர் வாதம். தாந்தேபால் அவர் கொண்ட பக்தி பெரிது, ஐயமில்லை. எனினும் இச்செயல் ஏற்கத்தக்கதன்று. எல்லா உரையும் ஓரத்துக்குப் போனபின், முன்னின்றது எது, பின்னின்றது எது என்ற வேறுபாடே இல்லை. பெயாத்ரீச்சே உயிரோடிருந்தபோது பாடியதும் மறைந்தபின் பாடியதும் அவ்வேட்டில் ஒரே தோற்றத்துடன் நிற்கின்றன.