ஸ்பிரிங்க்ளர் அறையின் மின்னிணைப்பு: இலங்கை வழக்கும் இந்திய வழக்கும்

உயர்மாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் அடித்தளத்தில், நீர்த்தொட்டிக்கும் பம்புகளுக்கும் அருகே அமையும் ஸ்பிரிங்க்ளர் அறை, மாடிதோறும் கூரையில் பொருத்தப்பட்ட தெளிப்பான்களுக்கு நீர் பிரிந்து செல்லும் இடமாகும். தெளிப்பானின் வாயை அடைத்து நிற்கும் சிறு கண்ணாடிக் குமிழ், அலுவலகங்களிலும் விடுதிகளிலும் வழக்கமாக 68 பாகை செல்சியசில், உடைந்ததும் நீர் பாயத் தொடங்குகிறது. அந்தப் பாய்ச்சலை உணர்ந்து தீ அறிவிப்புப் பேனலுக்குச் சொல்வதும், நீர் வரும் வழி எந்நேரமும் திறந்திருப்பதைக் கண்காணிப்பதும் இவ்வறையிலுள்ள சில சிறிய மின்கருவிகளின் பணி. கொழும்பிலும் சென்னையிலும் ஏறத்தாழ ஒரே வகைக் கருவிகளே வாங்கிப் பொருத்தப்படுகின்றன. ஆனால் அவற்றைப் பேனலோடு இணைக்கும் கம்பிவழியில் இரு நாடுகளும் வெவ்வேறு மரபுகளைப் பின்பற்றுகின்றன.

குழாய்க்குள் நீட்டிய மெல்லிய தகடு நீரின் ஓட்டத்தில் சாய, அதனால் மின்தொடர்பு மாறும் கருவி ஃப்ளோ சுவிட்ச் எனப்படும். எச்சரிக்கை வால்வு திறக்கும்போது அதன் பக்கக் குழாயில் ஏறும் அழுத்தத்தால் இயங்குவது பிரஷர் சுவிட்ச். கட்டுப்பாட்டு வால்வின் கைச்சக்கரத்தை எவரேனும் திருப்பினால் தெரிவிப்பது டேம்பர் சுவிட்ச். முதலிரண்டும் தீயைப் பற்றிச் சொல்பவை. மூன்றாவதோ தீ இல்லாத நாளில் நேரும் தவறைச் சொல்வது. பழுதுபார்ப்புக்காக வால்வை மூடியவர் அதைத் திறக்காமலே போய்விடுவதுதான் அத்தவறு. தீயின்போது ஸ்பிரிங்க்ளர் இயங்காமற்போன நேர்வுகளில் நீர்வழி முன்பே மூடப்பட்டிருந்ததுதான் தலையாய காரணம் என்பது இத்துறையில் நன்கு அறியப்பட்ட உண்மையாதலால், மூன்றினுள்ளும் டேம்பர் சுவிட்சின் இணைப்பே கூடுதல் கவனத்துக்குரியது. அமெரிக்கத் தீ அறிவிப்பு விதித்தொகுப்பான என்.எப்.பி.ஏ. 72, நீர்ப்பாய்ச்சலின் அறிவிப்பு 90 வினாடிகளுக்குள் எழ வேண்டும் என்றும், வால்வின் கைச்சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் அல்லது மூடும் தூரத்தில் ஐந்திலொரு பங்கு நகர்வதற்குள் கண்காணிப்புச் சமிக்ஞை வந்துவிட வேண்டும் என்றும் விதிப்பது இக்காரணம் பற்றியே.

இலங்கையில் நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபை தீ ஒழுங்குவிதிகளை வெளியிட, கொழும்பு மாநகர சபையின் தீயணைப்புத் துறை கட்டடங்களைப் பரிசோதிக்கிறது, வடிவமைப்பிலோ பி.எஸ். 5839, பி.எஸ். ஈ.என். 12845 ஆகிய பிரித்தானியத் தரங்களைத் தழுவுவது ஆலோசனைப் பொறியியலாளரிடையே நெடுங்காலமாக ஊறிய வழக்கம். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதியும், தீ கண்டறிதலுக்கான ஐ.எஸ். 2189, ஸ்பிரிங்க்ளருக்கான ஐ.எஸ். 15105 ஆகிய தரங்களும் அடிப்படையாகின்றன. எனினும் விதித்தொகுப்பு பரிந்துரை வடிவிலேயே உள்ளது. அந்தந்த மாநிலமோ உள்ளாட்சியோ தன் விதிகளில் ஏற்கும்போதே அதற்குக் கட்டாயம் வருகிறது. இதனோடு பன்னாட்டு நிறுவனங்களும் ஆலோசகர்களும் என்.எப்.பி.ஏ. விதிகளைக் கோருவதால், இந்தியக் கட்டடமொன்றில் உள்நாட்டுத் தரத்தின் கேபிளும் அமெரிக்க முறைப் பேனலும் ஒருங்கே அமைவது இயல்பாகிவிட்டது.

இவ்வேறுபாடு முதலில் கேபிளில் தெரிகிறது. பிரித்தானிய வழக்கில் தீ அறிவிப்புச் சுற்றின் கேபிள்கள் அனைத்தும், பேனலுக்கு மின்சாரம் தரும் கேபிள் உட்பட, தீயிலும் தொடர்ந்து இயங்க வல்லனவாக இருக்க வேண்டும். அக்கேபிளைச் சுவரில் பிடித்து நிறுத்தும் பிடிப்பான்களும் உலோகத்தாலானவையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பிடிப்பான் உருகினால் கேபிள் தொங்கித் தீயணைப்போரின் வழியை மறிக்கும். இந்தியாவில் பரவலாகக் காண்பது 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பிகளும் எஃகுக் கவசமும் கொண்ட, எப்.ஆர்.எல்.எஸ். என்று குறிக்கப்படும் ஆர்மர்டு கேபிள். எலிக்கடியையும் பிற வேலையாட்களின் உளி, துளைப்பான் ஆகியவற்றையும் அக்கவசம் நன்கு தாங்கும். உறை தீயைப் பரப்பாது, புகையும் குறைவு. ஆயினும் தீயைப் பரப்பாமை வேறு, தீக்குள்ளும் செய்தியைக் கொண்டுசெல்லும் ஆற்றல் வேறு. முன்னதை வாங்கிவிட்டுப் பின்னதும் கிடைத்துவிட்டதாகக் கருதும் பிழை இந்தியக் கொள்முதலில் அடிக்கடி நேர்கிறது. அண்மைக்காலப் பெருந்திட்டங்களில் தீயில் நிலைக்கும் கேபிளைத் தனியே குறிப்பிட்டுக் கோருவது பெருகிவருவது வரவேற்கத்தக்கது.

இலங்கை வழக்கிலும் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பி.எஸ். 5839 கேபிளை இரு தரமாகப் பிரித்து, 30 மீட்டருக்கு மேல் உயர்ந்த, ஸ்பிரிங்க்ளர் இல்லாத கட்டடங்களுக்கு உயர் தரத்தைப் பரிந்துரைக்கிறது. ஸ்பிரிங்க்ளர் உள்ள இடத்தில் வழமையான தரமே போதும் என்கிறது. ஆகவே கொழும்பின் உயர்மாடியொன்றில் குறைந்த தரக் கேபிள் போடப்பட்டிருப்பின், அம்முடிவே ஸ்பிரிங்க்ளரை நம்பி எடுக்கப்பட்டதாகும். அடித்தளத்தில் ஒரு வால்வு மூடிக் கிடந்தால், நீரோடு சேர்த்துக் கேபிளின் மேல் வைத்த நம்பிக்கையும் அடிபடுகிறது.

அடுத்த வேறுபாடு பேனல் கம்பியை எவ்வாறு ‘படிக்கிறது’ என்பதில் உள்ளது. கண்காணிக்கப்படும் சுற்று ஒவ்வொன்றின் இறுதியிலும் ஒரு மின்தடை வைக்கப்பட்டு, அதன் வழியே சிறு மின்னோட்டம் எப்போதும் ஓடுகிறது. கம்பி அறுந்தால் ஓட்டம் நின்று பேனல் பழுதெனக் காட்டும். அமெரிக்க முறையில் சுவிட்ச் மூடுவதும் இரு கம்பிகள் ஒன்றையொன்று தொடுவதும் பேனலுக்கு ஒன்றே. இரண்டையும் அது தீயென்றே கொள்ளும். ஐரோப்பிய முறையில் சுவிட்சோடு தொடராக இன்னொரு மின்தடை சேர்க்கப்படுவதால், உண்மையான இயக்கம் ஓர் அளவாகவும், கம்பிகள் தொட்டுக்கொள்ளும் குறுஞ்சுற்று வேறோர் அளவாகவும் பிரித்தறியப்படுகின்றன. குழாய்கள் வியர்த்துச் சொட்டும் ஸ்பிரிங்க்ளர் அறையில், கடற்கரை நகரங்களின் உப்புக் காற்றும் சேரும்போது, பெட்டிக்குள் நீர் கசிந்து குறுஞ்சுற்று ஏற்படுவது அரிதன்று. அமெரிக்க முறையில் அது பொய்யான தீ அறிவிப்பாக ஒலிக்கும். மௌனமாக இருப்பதைவிடப் பொய்யாக ஒலிப்பது பாதுகாப்பானது என்னும் வாதம் கோட்பாட்டளவில் சரியே. ஆனால் பொய்யறிவிப்பைக் கேட்டுச் சலித்த காவலர்கள் அச்சுற்றையே பேனலில் முடக்கிவைக்கும் நிலை வந்துவிட்டால் அந்த வாதத்துக்குப் பொருளில்லை. ஈரமான அறைக்கு இலங்கையில் வழங்கும் ஐரோப்பிய முறையே ஏற்றது என்று இவ்வளவில் துணிந்து கூறலாம்.

மறுபுறம், பேனலில் செய்திகளைத் தரம்பிரிப்பதில் அமெரிக்க மரபைக் கொண்ட இந்தியத் திட்டங்கள் தெளிவாக இருக்கின்றன. தீ, கண்காணிப்பு, பழுது என மூன்று வெவ்வேறு விளக்குகளும் ஒலிகளும் அமைவதால், மூடிய வால்வு தீயாகவும் ஒலிக்காது, பத்துப் பழுதுகளில் ஒன்றாகவும் மறையாது. பி.எஸ். ஈ.என். 12845-இன் பிற்சேர்க்கையிலும் கண்காணிப்பு வலியுறுத்தப்படுகிறது. இருந்தும் தீ, பழுது என்னும் இரண்டை மட்டுமே முதன்மையாகக் கொண்ட பேனல்களில் வால்வின் செய்தி எந்தத் தலைப்பில் வர வேண்டும் என்பது திட்டமிடுபவரின் கவனத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. எந்த முறையிலும் மன்னிக்க முடியாதது, செலவைக் குறைப்பதற்காக ஃப்ளோ சுவிட்சையும் டேம்பர் சுவிட்சையும் ஒரே மாட்யூலில், அதாவது பேனலின் லூப் கம்பிக்கு முகவரியோடு செய்தி அனுப்பும் சிறு மின்பெட்டியில், சேர்த்துவிடுவது. நீர் பாய்கிறதா, நீர் நின்றுவிட்டதா என்பதைக் காவலரால் அப்போது அறிய இயலாது.

சுவிட்சின் மூடியைத் திறந்து பார்த்தால் வேலையின் தரம் தெரிந்துவிடும். உள்ளே வரும் கம்பியும் அடுத்த கருவிக்குப் போகும் கம்பியும் தனித்தனியாக வெட்டப்பட்டு, ஒரு திருகின் இரு பக்கங்களிலும் தனித்தனியே இறுக்கப்பட்டிருக்க வேண்டும். கம்பியை வெட்டாமல், நடுவே உறையை மட்டும் உரித்துத் திருகில் வளைத்து மாட்டினால், பின்னாளில் அது திருகிலிருந்து கழன்றாலும் சுற்று அறுபடாது. பேனல் எல்லாம் நலமெனக் காட்டிக்கொண்டே இருக்கும், சுவிட்ச் மட்டும் தனித்துக் கிடக்கும். இறுதி மின்தடையை எட்டும் உயரத்திலுள்ள மாட்யூல் பெட்டியிலேயே வைத்துவிட்டு, அங்கிருந்து சுவிட்சுக்குப் போகும் சில மீட்டர் கம்பியைக் கண்காணிப்புக்கு வெளியே விடுவதும் இதற்கு நிகரான குற்றம். இவ்விரு பிழைகளும் இரு நாடுகளிலும் நிகழக்கூடியவை. கேபிள் நுழையும் கிளாண்டைப் பெட்டியின் அடியில் வைத்து, கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டு ஏற்றினால் நீர் கேபிள் வழியே உள்ளே இறங்காது.

பரிசோதனை ஒழுங்கிலும் இரு வழக்குகள் உண்டு. பி.எஸ். ஈ.என். 12845, நீரின் விசையால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியை வாரந்தோறும் குறைந்தது 30 வினாடிகள் ஒலிக்கவிடச் சொல்கிறது. மின்சாரமே இல்லாத இம்மணி, கம்பிகள் அனைத்தும் பழுதானாலும் இயங்குவது. இந்தியாவில் மகாராட்டிரத்தின் 2006ஆம் ஆண்டுத் தீத்தடுப்புச் சட்டம், உரிமம் பெற்ற முகவரின் சான்றை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், கட்டட உரிமையாளர் தர வேண்டும் என்கிறது. சட்டம் பெற்றுத் தரும் காகிதம் முக்கியமானதே. ஆயினும் வாரந்தோறும் அறைக்குள் ஒரு மனிதரை வரவழைக்கும் பழக்கம் அதனினும் பயனுள்ளது. ஆகவே புதிய கட்டடத்தை ஒப்பந்தக்காரரிடமிருந்து பெறும் உரிமையாளர்கள், கொழும்பிலாயினும் சென்னையிலாயினும், ஒவ்வொரு வால்வையும் தம் முன்னிலையில் இரண்டு சுற்றுத் திருப்பச் செய்து, அந்த வால்வின் பெயர் தீ என்றோ பழுது என்றோ அல்லாமல் கண்காணிப்புச் செய்தியாகப் பேனலில் தோன்றிய பின்னரே கையொப்பமிட வேண்டும்.