புதையுண்ட தாலந்துகள்

2018 சனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்சும் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இணைந்து உருவாக்கிய இசைக்குழு அது. இழவு வீட்டுக் கானாவும் பறையும் ராப்பும் கிதாரும் அங்கே சமமாய் நின்றன. கருவிகளின் பேரொலியில் தனிக்குரலின் நுண்மை சிலவிடங்களில் அமிழ்வது குறையே. ஆயினும், மெருகு என்னும் பெயரால் தெருவின் உச்சரிப்பை அழிக்காமையே அதன் பெருஞ்சிறப்பு என்போம்.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில், ஆலைப்பணி முடித்துப் பாடற்குழுவுக்கு விரையும் இளையோரின் குரல்கள் ஞாயிறு திருப்பலியோடு அடங்கிவிடலாமா? பங்குகள் இணைந்து ஓர் இசைத்தொகுப்பு வெளியிடலாமே! பாடியவர், இசைத்தவர் பெயர்களும் வருவாயில் அவர்தம் பங்கும் முன்னரே எழுதப்படட்டும். தாலந்தைப் புதைத்தவன் மட்டுமன்று. பிறர் தாலந்து புதையுண்டு கிடக்கக் கண்டும் வாளாவிருக்கும் நாமும் கணக்குக் கொடுக்க வேண்டியவர்களே.