ஒறுத்தலும் கற்றலும்: திருக்குறள் ஆய்வில் நடத்தையியல் கோட்பாட்டின் எல்லை

முன்னுரை

திருக்குறளை உளவியல் நோக்கில் அணுகும் கட்டுரைகளில் ஒரு வாய்பாடு மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. தீயாரை ஒறுத்தல் குறளில் பேசப்படுகிறது. பரிசும் தண்டனையும் நடத்தையை உருவாக்கும் என்றார் ஸ்கின்னர். எனவே ஸ்கின்னர் கருத்தை வள்ளுவர் முன்னரே கூறிவிட்டார் என்பதே அது. இவ்வொப்பீடு கோட்பாட்டைப் பிழைபட உணர்த்துவதோடு குறளின் நுட்பத்தையும் மறைக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கோட்பாடு கூறுவது

தார்ன்டைக் 1898இல் வெளியிட்ட ஆய்வில், பெட்டிக்குள் அடைக்கப்பட்ட பூனை தாழைத் திறந்து வெளியேற எடுத்துக்கொண்ட நேரம் முயற்சிதோறும் குறைந்து வந்தது. இதன் அடிப்படையில் அவர் வகுத்த விளைவு விதி, இன்பம் தரும் விளைவு செயலை வலுப்படுத்தும், துன்பம் தரும் விளைவு அதனை நலிவிக்கும் என்றது. ஆயின் 1930களில் அவரே இவ்விதியின் பிற்பாதியைத் திருத்திக்கொண்டார். பரிசு வலுப்படுத்தும் அளவிற்குத் தண்டனை நலிவிப்பதில்லை என்பது அவர் பின்னர் கண்ட முடிவு.

ஸ்கின்னர் 1938 முதல் வளர்த்தெடுத்த செயல்படு ஆக்கநிலையுறுத்தக் கோட்பாட்டில் 'வலுவூட்டல்' என்பது கொடுப்பவரின் நோக்கத்தால் அன்றி, விளைவால் வரையறுக்கப்படுகிறது. நடத்தை மிகுந்தால் மட்டுமே அது வலுவூட்டல். எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனை எனக் கொள்வது நம் கட்டுரைகளில் காணப்படும் பெரும்பிழை. மாத்திரை உண்டதும் தலைவலி நீங்கினால் மாத்திரை உண்ணும் பழக்கம் வலுப்பெறுகிறது. இது எதிர்மறை வலுவூட்டல். தண்டனையோ நடத்தையைக் குறைப்பது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இயங்குவன. மேலும், தண்டனை நடத்தையைத் தற்காலிகமாக அடக்குகிறதேயன்றி அழிப்பதில்லை என்பதே 1953இல் வெளிவந்த நூலில் ஸ்கின்னரின் நிலைப்பாடு. தண்டனையின் ஆதரவாளராக அவரைக் காட்டுவது பொருந்தாது.

பந்தூராவின் 1965ஆம் ஆண்டு ஆய்வு இதனைத் தெளிவாக்குகிறது. பொம்மையைத் தாக்கியவர் தண்டிக்கப்படுவதைத் திரைப்படத்தில் கண்ட குழந்தைகள் அச்செயலைக் குறைவாகவே பின்பற்றினர். கண்டதைச் செய்துகாட்டினால் பரிசு உண்டு என்றதும் அந்த வேறுபாடு மறைந்தது. தண்டனை செயலைத் தடுத்ததே தவிர, கற்றலைத் தடுக்கவில்லை.

குறளில் ஒறுத்தல்

இத்தெளிவோடு குறளை அணுகினால், 'ஒறுத்தல்' என்னும் ஒரு சொல் வெவ்வேறு பணிகளைச் செய்வது புலனாகும். கொடியோரைக் கொலையால் ஒறுத்தலைக் களையெடுப்பதற்கு ஒப்பிடும் குறளில் (550) ஒறுக்கப்படுபவன் எதையும் கற்பதில்லை, காக்கப்படுவது பயிர். இதனைக் கற்றல் கோட்பாட்டால் விளக்க இடமில்லை. குற்றத்தை நடுநின்று ஆராய்ந்து, அது மீண்டும் நிகழாவண்ணம் அதற்கு ஒப்ப ஒறுக்க வேண்டும் என்னும் குறளே (561) நடத்தையியலுக்கு மிக அண்மையில் நிற்கிறது. எதிர்கால நடத்தையே இங்கு இலக்கு.

ஆயினும் அவ்வதிகாரம் அத்துடன் நிற்கவில்லை. கடுமையாக ஓங்கி மென்மையாக வீழ்த்துக என்கிறது அடுத்த குறள் (562). குடிகள் அஞ்சத்தக்கன செய்தொழுகும் அரசன் விரைவில் கெடுவான் என்கிறது அதற்கடுத்தது (563). அதிகாரத்தின் கவலை ஒறுப்பவனுக்கு என்ன நேரும் என்பதிலும் நிலைகொள்கிறது. தண்டிப்பதன் உடனடிப் பயன் தண்டிப்பவரையே வலுவூட்டி, மீண்டும் தண்டிக்கத் தூண்டும் என்று ஸ்கின்னர் குறித்தது இங்கு எண்ணத்தக்கது. மெய்யான ஒப்பீட்டிற்குரிய இடம் இதுவே. வாய்பாட்டுக் கட்டுரைகள் இதனைக் கடந்து சென்றுவிடுகின்றன.

வாய்பாடு முற்றிலும் முறியும் இடம் இன்னாசெய்யாமை அதிகாரத்தில் உள்ளது. தீமை செய்தவரை ஒறுக்கும் வழி, அவர் நாணும்படி அவருக்கு நன்மை செய்துவிடுதல் என்கிறது 314ஆம் குறள். வாய்பாட்டின்படி நோக்கினால் இது தீச்செயலுக்குப் பரிசளிப்பதாகும். தீமை மிக வேண்டும். குறளோ நேர்மாறான விளைவை எதிர்பார்க்கிறது. இடையில் நின்று செயற்படுவது நாணம். பெறுபவன் அந்நன்மையை எவ்வாறு பொருள்கொள்கிறான் என்பதே இங்கு விளைவைத் தீர்மானிக்கிறது. செய்த நன்மையையும் மறந்துவிட வேண்டும் என அக்குறள் முடிவதால், கட்டுப்படுத்தும் நோக்கமும் அங்கே கைவிடப்படுகிறது.

முடிவுரை

ஒப்பீட்டாய்வின் பயன், பழைய நூலுக்குப் புதிய கோட்பாட்டின் சான்றிதழ் பெற்றுத் தருவதன்று. இரண்டும் பிரியும் இடத்தைக் காட்டுவதே அதன் பணி. இது வெறும் கலைச்சொல் வழக்கும் அன்று. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மாணவரை உடலாலும் உள்ளத்தாலும் துன்புறுத்துவதைத் தடைசெய்கிறது. வகுப்பறையில் பிரம்பிற்குக் குறளையும் உளவியலையும் ஒருசேரத் துணைக்கழைப்போர் இன்றும் உளர். இரண்டையும் முறையாகக் கற்றவர்க்கு அவ்விரு துணையும் கிட்டா.