சினிமாவுக்கும் பிரதிபேதம் உண்டு

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் பதினெட்டு டி.வி.டி.க்கள் வாங்கினேன். மொத்த விலை நூற்றைம்பது ரூபாய். பழைய மிக்ஸிகளுக்கும் கால் ஒடிந்த நாற்காலிகளுக்கும் நடுவே ஒரு கோணியின்மேல் குவித்துப் போட்டிருந்தார்கள். என்ன படம், யார் எடுத்தது என்பதெல்லாம் கடைக்காரருக்கு அக்கறையில்லை. "எண்ணிக்குங்க சார், எல்லாம் ஒரே ரேட்டுதான்" என்றார்.

மின்சார ரயிலில் தாம்பரம் வந்து சேர்ந்தேன். என் மனைவி பையைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏங்க, இதைப் போட்டுப் பார்க்க நம்ம வீட்டிலே மிஷின் இருக்கா?" என்று கேட்டாள். இருந்தது. பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி மாட்டினேன். பதினெட்டில் பதினான்கு ஓடின. நான்கு தட்டுக்கள் முனகிவிட்டு நின்றுபோயின.

"இந்தப் படமெல்லாம் போனிலேயே வருதே! காசு கொடுத்து எதுக்கு வாங்கிட்டு வரணும்?" என்றாள்.

நியாயமான கேள்வி. அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான்.

நாற்பதைத் தாண்டிய வாசகர்களுக்குத் தட்டுக்களின் காலம் நினைவிருக்கும். சேலையூர்ப் பக்கம் ஒரு வாடகைக் கடையில் நான் அங்கத்தினனாக இருந்தேன். நாளைக்குப் பத்து ரூபாய். ஒரு வி.சி.டி.யில் 80 நிமிஷத்துக்கு மேல் கொள்ளாது. நம் படங்களோ இரண்டரை மணி நேரத்துக்குக் குறைவதில்லை. ஆகவே ஒரு படத்துக்கு இரண்டு தட்டு, சில படங்களுக்கு மூன்று. கதாநாயகி மயங்கி விழும் சமயத்தில் எழுந்து போய்த் தட்டை மாற்ற வேண்டும். பிறகு, முழுப் படமும் ஒன்றிலேயே அடங்கும் டி.வி.டி. பரவிற்று. 2007-ஆம் ஆண்டு வாக்கில் மோசர் பேர் நிறுவனத்தார் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்றார்கள். ஒரு சினிமாப் படத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே பல மத்தியதரக் குடும்பங்களுக்கு அப்போதுதான் உண்டாயிற்று. எங்கள் வீட்டு அலமாரியில் 'பொன்னியின் செல்வன்' பாகங்களுக்குப் பக்கத்தில் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' ஒரு புத்தகத்தைப் போலவே நின்றது. அந்த நிறுவனமும் 2018-இல் கலைப்புக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் தபால் மூலம் டி.வி.டி. வாடகைக்கு விட்டே வளர்ந்த நெட்பிளிக்ஸ்கூட 2023 செப்டம்பரோடு அந்த வியாபாரத்தை மூடிவிட்டது.

போன காலத்தை எண்ணி அழுவது என் நோக்கமல்ல. நமக்குக் கிடைத்த தட்டுக்களில் பல, பாதுகாக்கத் தகுந்த லட்சணத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே தட்டில் மூன்று படங்களை அடைத்தார்கள். அப்படி அடைத்தால் படம் தெளிவை இழக்கிறது. முகத்தில் கண் எது, புருவம் எது என்று ஊகிக்க வேண்டியிருக்கும். திரையின் ஓரத்தில் விற்பனையாளரின் முத்திரை படம் முழுவதும் மின்னிக்கொண்டிருக்கும். இவற்றைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்'. ஸ்கோப் படத்தின் அகலம் உயரத்தைப்போல் இரண்டேகால் மடங்குக்கும் மேல். பழைய டெலிவிஷன் பெட்டியின் அகலமோ உயரத்தைப்போல் ஒன்றேகால் மடங்கைச் சற்றே தாண்டியது. ஸ்கோப் படத்தை அந்தப் பெட்டிக்குள் நிரப்ப வேண்டுமானால் பத்தில் நான்கு பங்கை வெட்டியாக வேண்டும். அண்ணன் பேசுவான். கேட்கும் தம்பி படத்தில் இருக்கமாட்டான்! அப்படி வெட்டிய பிரதிகளையே பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை, படத்தை முழுசாகப் பார்த்ததாக நம்பிக்கொண்டிருக்கிறது.

'ஸ்பெஷல் எடிஷன்' என்ற பேச்சுக்கு வருகிறேன். தடித்த அட்டைப் பெட்டி, மினுமினுக்கும் உறை, உள்ளே ஒரு சிறு போஸ்டர் என்றால் அது விசேஷப் பதிப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெட்டியின் பெருமை ஒரு வாரம் தாங்கும். பிறகு அது பரணுக்குப் போகும்.

அமெரிக்காவில் 'கிரைட்டீரியன்' என்று ஒரு நிறுவனம் 1984-இல் ஆரம்பமாயிற்று. 'சிட்டிசன் கேன்', 'கிங் காங்' என்ற இரண்டு படங்களை முதலில் லேசர் தட்டில் வெளியிட்டார்கள். 'கிங் காங்' தட்டில் ஒரு புதுமை செய்தார்கள். படம் ஓடும்போதே, ஒவ்வொரு காட்சியும் எப்படி எடுக்கப்பட்டது என்று ஓர் அறிஞர் கூடவே பேசிக்கொண்டு வருவார். நம் ஊரில் இதற்கு ஒரு பழைய பெயர் உண்டு. அதுதான் உரை.

அதே நிறுவனம் 2015-இல் சத்யஜித் ரேயின் அபு படங்கள் மூன்றையும் வெளியிட்டது. அவற்றின் மூல நெகட்டிவ் சுருள்கள் 1993-இல் லண்டன் லாபரட்டரி ஒன்றில் தீக்கிரையானவை. வெந்து கருகி மிஞ்சியதைத் தூக்கி எறியாமல் அமெரிக்க அகாடமிக்காரர்கள் காப்பாற்றி வைத்திருந்தார்கள். இத்தாலியில் பொலோனியா நகரத்துத் தொழிலாளிகள் அந்தச் சுருள்களைப் பதப்படுத்தி, உயிர் இருந்த பகுதிகளை ஒட்டி, இல்லாத பகுதிகளை வேறு பிரதிகளிலிருந்து எடுத்து நிரப்பினார்கள். கறையான் அரித்த ஏட்டைப் பிரித்துப் படித்த நம் பதிப்பாசிரியர்களின் வேலைதான் இதுவும்.

ஆனால் 'ஸ்பெஷல் எடிஷன்' என்ற பெயரை நம்பி ஏமாறவும் இடமுண்டு. 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தை அதன் கர்த்தாவான ஜார்ஜ் லூக்காஸே 1997-இல் மாற்றினார். கம்ப்யூட்டர் கொண்டு புதிய மிருகங்களைச் சேர்த்தார். முன்பு கதாநாயகர்களில் ஒருவன் மாத்திரம் சுட்ட இடத்தில், எதிரி முதலில் சுட்டதாகத் திருத்தினார். அதற்குத்தான் 'ஸ்பெஷல் எடிஷன்' என்று பெயர்! திருத்த அவருக்கு உரிமை இருக்கலாம். பிறகு கடைகளில் திருத்திய படத்தையே முன்வைத்தார்கள். பழைய வடிவத்தை 2006-இல் துணைத் தட்டாகச் சேர்த்தார்களே தவிர, சரிசமமாக வைக்கவில்லை. இதற்கு நேர்மாறான உதாரணம் 'பிளேட் ரன்னர்'. 2007-இல் வந்த அதன் விசேஷப் பதிப்பில் அந்தப் படத்தின் ஐந்து வடிவங்களும் இருந்தன. சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டியும் பொம்மைக் காரும்கூடக் கொடுத்தார்கள். பொம்மைக் காரை மன்னித்துவிடலாம். ஐந்து வடிவங்களையும் ரசிகன் கையில் கொடுத்து, "நீயே பார்த்துக்கொள்" என்று சொன்ன நாணயம் பெரிது.

தமிழனுக்கு இது புதிய சித்தாந்தமல்ல. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரின் பெயரால் பெசன்ட் நகரில் நூல்நிலையம் இருக்கிறது. ஒரு சுவடியில் ஒரு சொல்லும் இன்னொரு சுவடியில் வேறொரு சொல்லும் இருந்தால் ஐயர் என்ன செய்தார்? தமக்குச் சரியென்று பட்டதை மேலே வைத்தார். மற்றதை அழிக்கவில்லை. பிரதிபேதம் என்று கீழே குறித்து வைத்தார். விசேஷப் பதிப்புக்கு என் இலக்கணமும் இவ்வளவுதான். புதியதைச் சேர்க்கலாம். பழையதை அழிக்கக் கூடாது.

இதில் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்குச் சமீபத்திய விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். தனுஷ் நடித்து 2013-இல் வந்த ஹிந்திப் படம் 'ராஞ்ஜனா'. தமிழில் 'அம்பிகாபதி'. முடிவில் கதாநாயகன் இறந்துபோகிறான். 2025 ஆகஸ்டில் அந்தப் படத்தைத் தமிழில் மறுபடி திரையிட்டபோது, செயற்கை அறிவைக் கொண்டு முடிவை மாற்றி, அவனைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். டைரக்டர் ஆட்சேபித்தார். நடிகரும் ஆட்சேபித்தார். உரிமை வைத்திருந்தவர்கள் திரையிட்டார்கள். தியேட்டருக்குள் நுழைந்த கை, நாளை நம் போனுக்குள் நுழையாது என்று என்ன நிச்சயம்? மாற்ற வேண்டும் என்பதுகூட இல்லை, எடுத்துவிட்டாலே போதும். 'அன்னபூரணி' 2023 டிசம்பர் கடைசியில் நெட்பிளிக்ஸுக்கு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் 2024 ஜனவரியில் அங்கிருந்து எடுக்கப்பட்டது. படம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். பார்த்துவிட்டு விவாதிக்க அங்கே படம் இல்லை என்பதே என் குறை. அலமாரியில் இருக்கும் தட்டை யாரும் ராத்திரியோடு ராத்திரியாக வந்து திருத்திவிட முடியாது.

தட்டு சிரஞ்சீவி அல்ல. என்னுடைய நான்கு தட்டுக்களே சாட்சி. ஆனாலும் பலர் வீட்டில் பல பிரதிகள் இருந்தால் ஏதாவது ஒன்று தப்பும். 1931-இல் வந்த 'காளிதாஸ்' படத்தின் பிரதி இன்று ஒன்றுகூட இல்லை. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஆதாரம், கோட்டையூரில் ஒரு தனி மனிதர் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்த புத்தகங்களும் நோட்டீஸ்களுமே. அவர் சேர்த்த நாளில் அக்கம்பக்கத்தார் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை என் மனைவியின் கேள்வியிலிருந்து ஊகித்துக்கொள்கிறேன்.

கடைசியாக என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பல வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் தொடர்கதை எழுதினேன். குரோம்பேட்டை ஆசிரியை ஒருத்தி கணவனை விட்டுத் தனி அறை எடுத்துக்கொள்வதோடு கதை முடிந்தது. புத்தகம் இரண்டாம் பதிப்புக்கு வந்தபோது, "கணவன் வந்து அழைத்துப் போவதாக இருந்தால் நன்றாக விற்கும்" என்றார் பதிப்பாளர். நானும் மாற்றிக் கொடுத்தேன். விற்றது. பழைய முடிவை நானே மறந்துவிட்டேன்.

போன வருஷம் சிட்லபாக்கத்திலிருந்து ரயில்வேயில் ரிடையரான பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அந்தத் தொடரைப் பத்திரிகையிலிருந்து கிழித்துப் பைண்டு செய்து வைத்திருந்தார்.

"தம்பி, இதிலே எது உங்க முடிவு?" என்று கேட்டார்.

"இரண்டும் நான் எழுதியதுதான் ஐயா" என்றேன்.

"அப்போ ரெண்டையும் போட்டிருக்கலாமே?" என்றார்.

அவரிடம் அந்தத் தொகுதி இல்லாவிட்டால் என் கதாநாயகி தனியே வாழத் துணிந்தாள் என்பதற்கு என் கைவசம் அத்தாட்சியே இல்லை. அடுத்த பதிப்பில் பழைய அத்தியாயத்தையும் பின்னிணைப்பாகச் சேர்க்கும்படி பதிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. பெரியவரிடம் மட்டும், அந்தத் தொகுதியை யாருக்கும் இரவல் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.